கரப்பான் அறையில் என் சனிக்கிழமைகள்

என் மகள் கரப்பான்பூச்சிகளின் நரம்புகளை ஆராய்ந்தவள். இப்போது இதை என்னால் தயங்காமல் சொல்ல முடிகிறது. அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. "நரம்பு ஆராய்ச்சி" என்பாள் என் மனைவி. கேட்கிறவர்கள் மனித நரம்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்தமாட்டாள். வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

நான் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியன். பூச்சிகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 2004இல் மகள் இளங்கலை விலங்கியலில் சேர்ந்தாள். மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை என்பதால் சேர்ந்தாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்த டிசம்பரில் கடல் வந்தது. அதன்பிறகு பல மாதங்களுக்கு எங்கள் தெருவில் யாரும் மீன் வாங்கவில்லை. மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து துறைமுகத்துக்குப் போய் இறால் வாங்கிவந்தேன். எங்கள் வீட்டில் இறால் உரிப்பது என் வேலை. பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து ஓட்டை உரித்து, முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை உருவிப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் எதிரில் வந்து குந்தினாள்.

"அப்பா, நீங்க எடுக்கறது நரம்பு இல்ல, குடலு. நரம்பு இங்க, வயித்துப் பக்கமா போவுது, பாருங்க."

ஒரு இறாலைத் திருப்பி, நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினாள். வெள்ளையாக, நூல் மாதிரி, இடையிடையே சின்ன முடிச்சுகளோடு ஏதோ இருந்தது. கரப்பானுக்கும் அப்படியேதான் என்றாள். இரண்டும் தூரத்துச் சொந்தமாம். சாப்பாட்டு நேரத்தில் அதன் பெயரை எடுக்காதே என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தேன். எப்போதும்போல முதுகைத்தான் கீறினேன்.

2007இல் முதுகலைக்குச் சிதம்பரம் போனாள். விடுதியில் தங்கினாள். அது முடிந்ததும் அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். கரப்பானுக்கு வால் பக்கத்தில் இரண்டு சின்னக் கொம்புகள் உண்டு. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத முடிகள். பின்னாலிருந்து காற்று வந்தால் முடி அசையும், நரம்பு வழியாகச் செய்தி போகும், கால்கள் ஓடும். நாம் துடைப்பத்தை ஓங்கும்போது அது ஓடிவிடுவது அதனால்தான். துடைப்பத்தை அது பார்ப்பதில்லை. துடைப்பத்துக்கு முன்னால் வரும் காற்றைத் தெரிந்துகொள்கிறது.

இதுவரை எனக்குப் புரிந்தது. அவளுடைய கேள்வி இதற்கு அடுத்தது. அதே காற்றைத் திரும்பத் திரும்ப ஊதினால் ஒரு கட்டத்தில் பூச்சி ஓடுவதை நிறுத்திவிடும். பழகிவிடுகிறது. ஆனால் முடி அசைந்துகொண்டுதான் இருக்கிறது. நரம்பும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் எங்கே நின்றுபோகிறது? இதைச் சொல்லும்போது சோற்றில் கை வைத்தபடியே அப்படியே இருப்பாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் இதையா சொல்வது என்பாள் என் மனைவி.

என் மச்சான், மனைவியின் தம்பி, பக்கத்துத் தெருவில் இருந்தான். வரும்போதெல்லாம் எதையாவது சொல்லிவிட்டுப் போவான். "என்னா மாமா, எங்க வீட்டு கிச்சன்ல நாலஞ்சு பேஷண்டு மல்லாந்து கெடக்கறாங்க. டாக்டரம்மா எப்ப வர்றாங்க?" மகள் சிரிப்பாள். ஃபீஸ் முன்னாடியே கட்டணும் மாமா என்பாள்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கையில் முதல் தடிப்பு வந்தால், அவர் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கித் தர வேண்டும். பூச்சி அவரைச் சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம். அவளுடைய வழிகாட்டியான பேராசிரியை பல வருடமாகத் தும்மிக்கொண்டிருந்தவர். பூச்சி வேலை செய்கிற யாருக்கும் தும்மலும் அரிப்பும் சாதாரணம் என்பார். தச்சனுக்குக் கையில் காய்ப்பு இல்லையா, அப்படி. என் மகளுக்குத் தடிப்பு வந்த அன்று போனில் கூப்பிட்டுச் சொன்னாள். சமோசா கடைக்காரன் சட்னி தர மறந்துவிட்டான் என்பதையும் சொன்னாள். நானும் சிரித்தேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். உடம்பைப் படித்தவர்கள். அது ஒரு எச்சரிக்கை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

2010 கடைசியில் அவளுக்கு இளைப்பு வந்தது. விடுதிச் சுவர் ஈரம் என்றோம். சிதம்பரத்தில் தெருப்புழுதி ஜாஸ்தி என்றோம். மனைவி தூதுவளை அரைத்துக் கொடுத்தனுப்பினாள். அங்கே ஒரு டாக்டர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். அது கேட்டது. வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது என்பாள். அதைக் கேட்க எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2011இல் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுவதும் கவுச்சி கிடையாது. எங்கள் சர்ச் பங்கில் சில வீடுகளில் வெள்ளிக்கிழமை மட்டும்தான், சில வீடுகளில் மீன் மட்டும் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. விடுதியிலும் அவள் அதைக் கடைப்பிடித்தாள். அந்த வாரங்களில்தான் அவளுக்கு ஆய்வகத்தில் வேலை அதிகம். ஒரு புதுக் கூட்டத்தை வளர்க்க ஆரம்பித்திருந்தாள். முட்டையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் ஒரு பாதிக்குத் தினமும் காற்று ஊதுவது, மறுபாதியைக் காற்றே படாமல் வளர்ப்பது. வளர்ந்தபின் எது சீக்கிரம் பழகுகிறது என்று பார்ப்பது. அவளுடைய கடைசி அத்தியாயம் அந்தக் கூட்டத்தில் இருந்தது. கரப்பான் பெரிதாகப் பல மாதம் ஆகும். தினமும் அவளேதான் தொட்டி சுத்தம் செய்தாள். அடியில் மிளகுத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும், தட்டினால் பறக்கும். அவ்வளவையும் மூச்சில் வாங்கினாள். இறாலைத் தொடவில்லை.

ஈஸ்டர் அன்று மதியம் எங்கள் வீட்டில் பிரியாணியும் இறால் தொக்கும். இறால் அவளுக்காக. காலையிலேயே போய்ப் பெரியதாகப் பார்த்து வாங்கிவந்து உரித்தேன். மச்சான் குடும்பமும் வந்திருந்தது. மகள் முதல் கவளத்தைச் சாப்பிட்டுவிட்டு, தொக்கு சூப்பர் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையைச் சொரிந்தாள். உதடு என்னவோ மாதிரி இருக்கிறது என்றாள். கண்ணாடியில் பார்க்க எழுந்தாள். குரல் மாறிவிட்டது. அடைத்துப்போன, யாரோ வேறொருவருடைய குரல். நடையில் பாதிவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அடுத்து நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் கோவையாக இல்லை. மச்சான் அவளைத் தூக்கினான். ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. முகம் வீங்கிக் கண்கள் உள்ளே போய்விட்டன. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஏதோ விசில் அடித்தது. என் கையில் தொக்கு காய்ந்துபோயிருந்தது. கழுவாமலே வந்திருந்தேன். அந்த விரல்களால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அதையும் செய்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே தொடையில் ஊசி போட்டார். ஆக்ஸிஜன் முகமூடி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, விசில் குறைந்தது. அதற்கப்புறம்தான் கேட்டார். என்ன சாப்பிட்டாள்? இறால். இதற்கு முன் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? இல்லை, பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறாள். அவருக்கு அது சரியாகப் படவில்லை.

"என்ன வேலை பாக்கறாங்க?"

"நரம்பு ஆராய்ச்சி சார்," என்றாள் என் மனைவி. அந்த நேரத்திலும் அவள் வாய் அதைத்தான் சொன்னது.

மகள் முகமூடியை விரலால் நகர்த்தினாள். "கரப்பான்பூச்சி, டாக்டர். வளக்கறேன்."

அந்த டாக்டர் பேனாவை மூடினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை வருடமாக என்று கேட்டார்.

பிறகு புதுச்சேரியில் ஒரு ஒவ்வாமை மருத்துவரிடம் போனோம். முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்துக் குத்திப் பார்த்தார். கரப்பான் வைத்த இடம் இட்லி மாதிரி எழும்பியது. இறால், நண்டு வைத்த இடங்களும் எழும்பின. இரண்டின் தசையிலும் ஒரே மாதிரியான ஒரு புரதம் இருக்கிறதாம். கரப்பான் தூசியை வருடக்கணக்காக மூச்சில் வாங்கிய உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டது. இறாலில் அதையே பார்த்துவிட்டது. என் மனைவி அவரிடமே கேட்டாள்: "நாங்க துண்ணற இறாலும் அந்தக் கருமமும் ஒண்ணுன்றீங்களா சார்?" அவர் சிரிக்கவில்லை. இறாலை வாழ்நாளில் தொடக்கூடாது. கரப்பான் அறைக்குள் இனி போகக்கூடாது. அடுத்த முறை இன்னும் வேகமாக வரும், ஆஸ்பத்திரிவரை நேரம் இருக்காது. அட்ரினலின் குப்பியும் ஊசியும் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி, எனக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "பூச்சிக்கு ஊத ஊத பழகிடுதுப்பா. எனக்கு பழகப் பழக ஜாஸ்தியாவுது." அன்றிலிருந்து என் சட்டைப் பையில் ஒரு சோப்பு டப்பா, அதற்குள் பஞ்சு சுற்றிய குப்பியும் ஊசியும். வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் இடிக்கும்.

விடுதியைக் காலி செய்து வீட்டோடு வந்துவிட்டாள். கணிப்பொறி வேலையை வேறு கட்டடத்தில் உட்கார்ந்து செய்யலாம் என்று பேராசிரியை ஏற்பாடு செய்தார். அவர் ரொம்பவும் ஆடிப்போயிருந்தார். அறைக் கதவில் முகமூடிகளும் கையுறைகளும் தொங்கவிட்டார். கடைசிக் கூட்டத்தை அடுத்த ஆராய்ச்சி மாணவி பார்த்துக்கொள்வதாக முடிவானது. அந்தப் பெண் ஸ்ரீமுஷ்ணத்துக்காரி, நல்ல பெண். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போனால் ஞாயிறு இரவுதான் திரும்புவாள். அறையைப் பார்த்துக்கொள்ள வேலையாள் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரவு வந்து ஊதிவிடுவாள், சனிக்கிழமை ஊதவில்லை என்றால் கணக்குத் தப்பிவிடும்.

ஒரு சனிக்கிழமை மகள் நூலகத்துக்குப் போகிறேன் என்று சிதம்பரம் போனாள். மாலை பேராசிரியை எனக்குப் போன் செய்தார். அறை வாசலில் அவளைப் பார்த்தாராம். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு சாவியோடு நின்றாளாம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஒரு கூட்டம்தான்பா இருக்கு. அது போச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து வளக்கணும், அதுக்கு என்னால முடியாது. இவ்ளோ வருஷம் எதுக்குப் பண்ணேன்?"

"செத்துப் போவியா அதுக்கு?" என்றாள் என் மனைவி.

மகள் அறைச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். போகாதே என்று சொன்னால் போவாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் போகிறேன் என்றேன். எனக்குச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை.

அப்படித்தான் போனேன். தைரியம் என்று யாராவது நினைத்தால் அது தவறு. ஈஸ்டருக்குப் பிறகு எனக்குள் எதுவும் ஏறவில்லை. அருவருப்பும் ஏறவில்லை. சின்ன அறை, சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சம் அவற்றுக்குத் தெரியாதாம். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், மேல் விளிம்பைச் சுற்றி ஏறிவராமல் இருக்க வாஸ்லின் பூச்சு. உள்ளே முட்டை அடுக்கும் காகித அட்டைகள். அட்டையைத் தூக்கினால் அடியில் எல்லாம் ஒன்றாக நகரும். எண்ணெயும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மகள் வெளியே தூரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். இடது பக்கத் தொட்டிக்கு மட்டும்தான் ஊதணும். தண்ணிப் பஞ்சு காஞ்சிருக்கா பாருங்க. பிஸ்கட்டை மாத்துங்க. தூசியைத் தட்டாதீங்கப்பா, ஈரத்துணியால எடுங்க.

வேலை முடிந்ததும் அங்கேயே குழாயில் கழுவிக்கொண்டு வேறு சட்டை மாற்றுவேன். பஸ்ஸில் அவள் முன்னால், நான் கடைசி சீட்டில். ஊசி டப்பா மட்டும் அவள் பையில். வீட்டிலும் பின்பக்கமாகத்தான் நுழைவேன். குளித்த பிறகுதான் உள்ளே. மச்சான் ஒருநாள் பார்த்துவிட்டு, "மாமா, கடைசில நீங்கதான் டாக்டரா?" என்றான். பிறகு அவனே முகம் மாறி, சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஐப்பசியில் முதல் பூச்சிகள் பெரிதாயின. அந்த மாணவி ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகாமல் இருந்து, எனக்குக் காட்டினாள். பூச்சியை ஐஸில் வைத்து மயக்கி, மெல்லிய கம்பியை நரம்பில் தொடவைத்து, மேலே ஒரு ஒலிபெருக்கி. மயக்கம் தெளிந்ததும் பின்னாலிருந்து ஊதினாள். படபடவென்று சத்தம், கால்கள் உதைத்தன. மறுபடி ஊதினாள். மறுபடி. கால்கள் நின்றுவிட்டன. சத்தம் நிற்கவில்லை. அவள் தன் போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள். வேப்பமரத்தடியில் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காதில் போன், மறு கை இன்னொரு காதைப் பொத்தியபடி. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பாதிக்குமேல் பூச்சிகள் இன்னும் சின்னதாகத்தான் இருந்தன. அவையும் பெரிதாக வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் பலாவும் முந்திரியும் புளியமரமும் வேரோடு கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் நாங்கள் சனிக்கிழமைகளைத் தொடர்ந்தோம். கையுறை தீர்ந்திருந்தது, வாங்கக் கடை திறக்கவில்லை. முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு செய்தேன். ஒரு சனிக்கிழமை திரும்பிவந்தபோது மோட்டார் ஓடாததால் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இல்லை. மனைவி நிவாரண அரிசி வாங்க வரிசையில் நின்றிருந்தாள். அடிகுழாயை ஒருவர் அடித்தால்தான் ஒருவர் கழுவ முடியும். மகள் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று அடித்தாள். நான் சட்டைக் கையை மடித்தேன். மடிக்கக் கூடாது என்பது மறந்துவிட்டது.

அவள் அடிப்பதை நிறுத்தினாள்.

"என்னப்பா அது?"

வியர்க்குரு என்றேன். மார்கழியில் வியர்க்குரு. இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்து தடித்திருந்தது. கொஞ்ச நாளாகவே இருந்தது. மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் கிட்ட வந்தாள். வராதே என்றேன், கேட்கவில்லை. என் கையைத் தொடாமல், குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்தாள். இறாலின் வயிற்றுப் பக்கத்தைக் காட்டிய அன்று குனிந்த மாதிரியே.

"எத்தன நாளா?"

சொன்னேன். எனக்கு ஒன்றும் இல்லை, நான் வயசானவன், இன்னும் கொஞ்ச வாரம்தானே என்றேன். அவள் அடிகுழாயின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். இதை விட்டுவிடு என்று சொல்ல நான் எத்தனையோ முறை தயாராக வைத்திருந்த பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. போன் எடுத்துப் பேராசிரியையைக் கூப்பிட்டாள். சுருக்கமாகப் பேசினாள். இதுவரைக்கும் பதிவானது போதும் மேடம். மிச்சப் பூச்சிங்கள ஃப்ரீசர்ல வெச்சிடச் சொல்லுங்க. ஆமாம், எல்லாத்தையும். அவர் என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. "இல்ல மேடம், எனக்கு இல்ல. எங்கப்பாவுக்கு," என்றாள்.

பிறகு மறுபடியும் தண்ணீர் அடித்தாள். நான் கழுவி முடிக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள். டீயும் சமோசாவும் நான்தான் வாங்கித் தர வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

2012இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். கடைசி அத்தியாயம் சிறியது. நினைத்ததில் பாதிப் பூச்சிகளை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று அவளே அதில் எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அதைத்தான் கேட்டார். கூட்டத்தை முன்னதாகவே முடிக்க வேண்டிவந்தது என்று மட்டும் பதில் சொன்னாள். பின்வரிசையில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் உங்கள் பெண் எதில் ஆராய்ச்சி என்று கேட்டார். "கரப்பான்பூச்சி," என்றாள் என் மனைவி.

இப்போது பெங்களூரில் இருக்கிறாள். பூச்சி நரம்பின் பதிவுகளைக் கணிப்பொறியில் வைத்துப் பார்க்கிற வேலை. வேலையில் சேருமுன் அவள் கேட்ட முதல் கேள்வி, அந்தக் கட்டடத்தில் உயிருள்ள பூச்சி உண்டா என்பது. உண்டு, ஆனால் வேறு மாடியில். எந்த மாடி, காற்று எப்படிப் போகிறது என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊசி அவளிடம் ஒன்று, என் பையில் ஒன்று. அவள் இல்லாத ஊரில் அது எதற்கு என்று மனைவி கேட்பதில்லை. தேதி முடிந்தால் புதிதாக வாங்கி வைக்கிறேன்.

எனக்குக் கை ஆறிவிட்டது. டாக்டர் இறால் வேண்டாம் என்று எனக்குச் சொல்லவில்லை, நானாக விட்டுவிட்டேன். போன மாதம் துறைமுகத்தில், எப்போதும் எனக்கு இறால் தருகிற அம்மா கூடையைத் திறந்து காட்டினாள். எல்லாம் பெரியது, மீசை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னா சாரு, இப்பல்லாம் வாங்கறதே இல்ல. உங்க நோம்பு இன்னும் முடியலையா?"

முடியலம்மா என்று சொல்லிவிட்டு, வவ்வால் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன்.